கங்காணியின் ஆள்

எனக்குக் கொழும்புக் கல்லூரியில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதைப் பற்றி அந்த வருஷம் பதுளைக் கடைத்தெருவில் கருத்துச் சொல்லாதவர்கள் குறைவு. நான் தங்கிப் படித்த மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி கிடைக்கும் என்றாள். தபால் கந்தோர் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர் கிடைக்காது என்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு அரிசி, கருவாடு அனுப்பும் சோனகக் கடைக்காரரை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். அவர் தராசுத் தட்டைக் கையில் பிடித்தபடியே, "கெடைக்கும் மகள். கெடைக்காட்டி அந்தக் காலேஜுக்குத்தான் நட்டம்" என்றார். நான் அன்று முழுவதும் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரி ஊவாப் பக்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒரே ஒரு பெண்ணைப் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொள்ளும். காசு கட்டக்கூடியவர்களுக்கு வேறு வாசல் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் சில்லறைக் கங்காணியின் மகளான எனக்கு அந்த வாசல் இல்லை. பரீட்சைத் தாள் கொழும்புக்குப் போய், அதில் தேறியவர்களைக் கல்லூரித் தலைவியான வெள்ளைக்கார அம்மா நேரில் பார்த்துத் தீர்மானிப்பார். அவர் வெயிலுக்குப் பயந்து பண்டாரவளை வாடிவீட்டில் வந்து தங்கும் காலத்தில் அந்தப் பார்வை நடக்கும். தாளில் நான் தேறிவிட்டேன். இனி அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று இங்கிலீஷில் பேசவேண்டும். அதோடு இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

எங்கள் பெரிய டீச்சர் ஒல்லியான மனுஷி. பாடம் ஒப்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், தப்பு வந்தால் மட்டும் திறப்பார். என் வாய்ப்பு எப்படி என்று கேட்டதற்குக் கண்ணைத் திறக்காமலே, "பாதிக்குப் பாதி" என்றார். அவரிடமிருந்து பாதி என்பது பெரிய பரிசு. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, பசறையிலிருந்து நமுனுகுல மலையடிவாரம் வரைக்கும் அந்தப் பாதியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "பாதின்னா, அரைப்பேரா?"

தோட்டத்தில் பொழுது முழுக்க வேலை செய்தவர்களுக்குக் கணக்கப்பிள்ளை முழுப்பேர் போடுவார். காய்ச்சல் என்று மத்தியானத்தோடு போனவர்களுக்கு அரைப்பேர். அம்மாவுக்கு உலகத்திலேயே அரைப்பேரைப் போலப் பிடிக்காத விஷயம் வேறில்லை.

"எடுத்தா ஆள முழுசா எடுக்கணும், இல்லாட்டி விட்டுறணும். அரை ஆள வச்சு என்னா பண்ணுவாங்க? தலைய மட்டும் கொழும்புக்கு அனுப்பச் சொல்லுவாங்களா?"

நான் சிரித்தேன். அந்த நாட்களில் எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. அடுப்பு ஊதும்போது வந்தது, ஜெபம் பண்ணும்போது வந்தது. தண்ணீர்ப் பீலிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனவள், தேயிலைச் செடிகளைப் பார்த்து இங்கிலீஷில் காலை வணக்கம் சொல்லிவிட்டுக் குடத்தை மறந்து திரும்பி வந்தேன். பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்ததும், "கொழும்பு வருது, வழி விடுங்கடி" என்பார்கள். இடம் கிடைக்காமல் போனால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துப் பார்ப்பேன். நினைத்து முடிந்ததும் மறுபடி சிரிப்பு வரும்.

பெரிய டீச்சர் என்னைத் தயார்பண்ணியே அனுப்பியிருந்தார். பெயர் என்ன, தகப்பனார் என்ன செய்கிறார், எந்தப் பாடம் பிடிக்கும், எல்லாவற்றுக்கும் விடை மனப்பாடம். ஏன் படிக்க விரும்புகிறாய் என்ற கேள்விக்கு மட்டும் நீளமான விடை. ஆண்டவர், ஊழியம், என் மக்கள், ஒளி என்று எல்லாம் அதில் வரும். அதைச் சொல்லி முடிக்க மூச்சை நடுவில் ஒருதரம் இழுக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போகும் பெரியவர் வண்டியோடு வெளியே நிற்கவேண்டும், உள்ளே வரக்கூடாது. அப்பா ஒரு சனிக்கிழமை பதுளைக்கு வந்திருந்தபோது இதை அவரிடமே நேரில் சொன்னார். அப்பா தலையாட்டினார். டீச்சர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவர் பட்டணத்தில் பிறந்தவர். எங்கள் தோட்டத்தில் தலையாட்டினால் கேட்டுக்கொண்டேன் என்று மட்டும்தான் அர்த்தம். துரை எதைச் சொன்னாலும் அப்பா தலையாட்டுவார், அப்புறம் தன் யோசனைப்படி செய்வார்.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். அவரிடம் ஒரு சின்னக் கூட்டம் ஆள் இருந்தது. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது அவர்களுக்கு முன்னால் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக அப்பா நிற்பார். துரை என்ன கேட்டாலும் அப்பாதான் பதில் சொல்லவேண்டும். ஆள் வாய் திறப்பது மரியாதைக் குறைவு. ஒருமுறை ஒருவருக்குக் கன்னம் தேங்காய் மூடியாக வீங்கியிருந்தது. துரை அவரைப் பார்த்து என்ன என்று கேட்டார். "பல்லு வலிங்க தொர, ராத்திரி பூரா தூக்கமில்லீங்க" என்று அப்பா சொன்னார். பல்லுக்குச் சொந்தக்காரர் பேசாமல் நின்றார். அப்படிப் பேசும்போது அப்பா எல்லோரையும் 'நம்ம ஆளு' என்பார். கடைசியில் 'நான் பொறுப்பு' என்று முடிப்பார். பெரட்டில் என் அம்மாவும் அவருக்கு நம்ம ஆளுதான். அதற்காக அவள் வீட்டில் அவரை வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

துரைக்கும் கங்காணிக்கும் நடக்கும் பேச்சைப் பின்னால் நிற்கும் ஆள் கேட்கலாமா? காது இருக்கிறது, கேட்கும். ஆனால் கேட்காததாகத்தான் கணக்கு. இதுவும் ஒரு வழக்கம்.

அப்போது ரயில் பதுளைக்கு வரவில்லை, பண்டாரவளையோடு நின்றுவிடும். ரயிலில் வரும் சாமானை ஏற்றிவர நானாவின் மாட்டு வண்டி அங்கே போகும். போகும்போது வண்டி வெறுமையாகப் போவதால் எங்களை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் புது வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். அப்பா கோட்டு, தலைப்பாகை, குடை என்று முழுப் பெரட்டு அலங்காரத்தில் இருந்தார். வண்டி வெறுமையாக இருந்ததே தவிர, அதில் இத்தனை வருஷமாக ஏறி இறங்கிய கருவாட்டின் வாசனை இறங்கவில்லை. தெமோதரை தாண்டும்போது எனக்கு மூக்கு பழகிவிட்டது. பண்டாரவளையில் இறங்கியபோது வாசனையே இல்லை என்று நம்பினேன். வாடிவீட்டுப் பூனை நம்பவில்லை. படியேறும் முன்னே எங்கிருந்தோ ஓடிவந்து என் சேலைக் கரையை முகர்ந்து, என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

விறாந்தையில் எனக்கு முன்னால் ஒரு பெண் காத்திருந்தாள். கோர்ட்டில் முதலியார் உத்தியோகம் பார்ப்பவரின் மகள். காலில் பக்கிள் வைத்த சப்பாத்து, கையில் சுருட்டிய சங்கீதத் தாள். என்னையும் பூனையையும் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான், குத்தல் இல்லை. அவள் உள்ளே போனாள். உள்ளேயிருந்து இங்கிலீஷ் தண்ணீராக ஓடியது. நான் என் வெறும் காலைப் பார்த்தேன். பாதிக்குப் பாதி என்றது அங்கேயே கரைவதாகத் தோன்றியது.

அவள் வெளியே வந்ததும் வாடிவீட்டு வேலையாள் அப்பு கதவைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நான் எழுந்தேன். அப்பாவும் எழுந்தார்.

"அப்பா, நீங்க வெளிய நிக்கணும். டீச்சர் சொன்னாங்கல்ல."

"சொன்னாங்க. கேட்டேன்."

"பெறகு?"

"வெள்ளக்காரங்க முன்னால ஆளத் தனியா விடுறதா? பெறகு நான் எதுக்கு இருக்கேன்?"

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனார். பின்னால் நான். என் பின்னால் பூனை.

அந்த அம்மா உயரமானவர், நரைத்த தலை, தோளில் கம்பளிச் சால்வை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. மேசையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அப்பா பெரட்டில் நிற்கிற இடைவெளி விட்டு நின்று சலாம் போட்டார். நான் அவருக்குப் பின்னால் மறைந்துபோனேன். வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்து, "உன் பெயர் என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என் பெயர் அப்பாவின் வாயிலிருந்து வந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெள்ளைக்காரர்கள் முதலில் பெயரைத்தான் கேட்பார்கள் என்பது தெரியும்.

"நம்ம ஆளுங்க, தொரசாணி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"இவர் என்ன சொல்கிறார்?"

"என் பெயரைச் சொல்கிறார், அம்மா. நான் தம்முடைய ஆள் என்கிறார்." ஆள் என்பதற்குத் தோட்டத்துத் துரைமார் எழுதும் இங்கிலீஷ்ச் சொல்லையே போட்டுவிட்டேன். அதற்குக் கூலிக்காரி என்றுதான் அர்த்தம்.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டினார். "அப்படியா? எவ்வளவு காலமாக வேலை செய்கிறாய்?"

அப்பா திரும்பாமலே, "என்னா கேக்குறாங்க?" என்றார்.

"எப்ப இருந்து வேலைன்னு."

அப்பாவுக்கு இது பழகின கேள்வி. புது ஆளைத் துரையிடம் கொண்டுபோய் நிறுத்தினால் இதைத்தான் கேட்பார். மடைதிறந்தாற்போல் ஆரம்பித்தார். "லீவு விட்டா ஆத்தாளோட சேந்து கொழுந்து எடுக்குங்க. வேகமான கை. மழைக்கு ஒதுங்காது. அட்டை கடிச்சா அழாது. யாரோடயும் சண்டைக்குப் போகாது. நான் பொறுப்பு."

இதை இங்கிலீஷில் சொன்னேன். அட்டைக்கு இங்கிலீஷ் வரவில்லை. இரத்தம் குடிக்கும் சிறு புழு என்றேன். சண்டை வந்த இடத்தில் நாக்கு நின்றது.

"இதெல்லாம் உண்மையா?" என்றார் அம்மா.

"கடைசி ஒன்றைத் தவிர, அம்மா."

அவர் உதட்டை மடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. பூனை என் கால்மேல் படுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் அந்தப் பழைய சிரிப்பு கிளம்பத் தொடங்கியது. அதைப்போல ஆபத்து வேறில்லை. மேசைமேல் இருந்த கோப்பையையே முறைத்துப் பார்த்தேன்.

"உன் தகப்பனார் ஏன் வரவில்லை?" அம்மாவின் குரலில் இரக்கம் இருந்தது. "வேலை வாங்குகிறவரை அனுப்பியிருக்கிறாரே."

சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. "அப்பா," என்றேன், "ஒன் அப்பன் ஏன் வரலன்னு கேக்குறாங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். ஒருவேளை வேறு யாராவது வந்து நிற்கிறார்களோ என்று கதவைக்கூடப் பார்த்தார்.

"நான்தானே வந்திருக்கேன்" என்றார். கக்கத்திலிருந்த குடை கீழே விழுந்தது. பூனை பாய்ந்து ஓடி, மேசையடியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப என் காலுக்கே வந்தது.

குடையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நம்ம ஆளு என்று ஆரம்பிக்காமல் அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. தலைப்பாகையைச் சரிசெய்தார். தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"எம் மகதாங்க. மூத்தது. இதுக்குப் பெறகு பொறந்த ரெண்டும் நிக்கல. இது நின்னுச்சு. பள்ளிக்கூடத்துல விட்டோம், படிச்சுச்சு. நா ஒண்ணும் செய்யலீங்க, அது பாட்டுக்குப் படிச்சுச்சு. லயத்துல வெளிச்சம் பத்தாதுன்னு அடுப்பு வெளிச்சத்துல குந்திப் படிக்கும். இந்த மலையில இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எத்தனையோ தோட்டத்து ஆளப் பாத்திருக்கேன் தொரசாணி. இதப்போல ஒண்ணு பாத்ததில்ல. இதுகிட்ட நா சொன்னதில்லீங்க, தலைக்கனம் வந்துரும். நீங்களும் சொல்லிறாதீங்க. நான் பொறுப்பு."

பின்னால் நின்றுகொண்டிருந்தேன், ஒரு முழம் தள்ளி. எனக்கு அப்போது பதினாறு வயது. அதுவரை அவர் என்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்ட அதிகபட்சப் புகழ்ச்சி, சோறு குழையவில்லை என்பதுதான்.

"என்ன சொன்னார்?"

"இவர்தான் என் அப்பா என்கிறார், அம்மா." எனக்குக் காதெல்லாம் சுட்டது. "நான் பரவாயில்லை என்கிறார்."

அம்மா என்னையே பார்த்தார். "அவர் அதைவிட நீளமாகப் பேசினார்."

"ஆமாம், அம்மா."

"ஒரு சொல் விடாமல் சொல்."

சொன்னேன். என்னைப் பற்றி நானே, முன்பின் பழகாத வெள்ளைக்கார அம்மாவிடம், அப்பாவின் வாயாக நின்று சொன்னேன். இரண்டும் நிற்கவில்லை, இது நின்றது என்றபோது குரல் உடைந்தது. அடுப்பு வெளிச்சம் என்றபோது சரியானது. இந்த மலையில் இவளைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை என்பதைச் சொல்லவேண்டிய இடத்தில், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சொன்னேன். எனக்குத் தெரிந்த அத்தனை இங்கிலீஷும் அன்று வேலை செய்தது, தெரியாததும் கொஞ்சம் வேலை செய்தது.

"கடைசியில் ஒன்று சொல்கிறார், அம்மா. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிறார்."

அம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "சொல்லமாட்டேன் என்று அவரிடம் சொல்."

"அப்பா, அத எங்கிட்ட சொல்ல மாட்டாங்களாம்."

அப்பாவுக்குப் பரம திருப்தி. "சரிங்க தொரசாணி" என்று தலையாட்டினார்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "நீ ஏன் படிக்க விரும்புகிறாய்?"

பழக்கதோஷம், அப்பாவிடம் திரும்பி, "ஏன் படிக்கணும்னு கேக்குறாங்க" என்றேன்.

அப்பா யோசித்துப் பார்த்தார். "அது எனக்கு எப்பிடித் தெரியும் புள்ள? நீயே சொல்லு." சொல்லிவிட்டு ஒரு எட்டு விலகி நின்றார். எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஆண்டவர், ஊழியம், ஒளி எல்லாம் எங்கே போய் ஒளிந்தன என்று தெரியவில்லை. மூச்சு இழுக்கும் இடம் மட்டும் ஞாபகம் இருந்தது. இழுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொன்னேன். "ஆசையாக இருக்கிறது, அம்மா. காரணம் சொல்லும் அளவுக்கு இன்னும் படிக்கவில்லை."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார். பூனையைக் காலிலிருந்து பிரித்தெடுக்க அப்பு வரவேண்டியிருந்தது.

திரும்பும்போது வண்டி நிறைய அரிசி மூட்டை, அதன்மேல் நாங்கள். அப்பா ரொம்ப உற்சாகமாக இருந்தார். "சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டார்.

"எத?"

"என்னத்தையோ. அது எங்களுக்குள்ள."

நான் மூட்டைமேல் மல்லாந்து படுத்துச் சிரித்தேன். எல்லாம் கெட்டுப்போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலியார் மகள் சப்பாத்தும் சங்கீதமுமாகப் போய்ப் பேசினாள், நான் கங்காணியும் கருவாடும் பூனையுமாகப் போய்ச் சிரித்தேன். அழவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் இந்த மலையில் இதைப்போல ஒன்று பார்த்ததில்லை என்பது காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படி அழுவது?

நடந்ததையெல்லாம் பெரிய டீச்சரிடம் ஒப்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர் அப்பா உள்ளே வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார், அப்புறம் மூடவே இல்லை. "இனிக் கால் பங்குதான்" என்றார். இதைத் தோட்டத்தில் இருந்த அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். காலா, அரையாவது இருந்ததே, அதையும் அந்த மனுஷன் தொலைத்தாரா என்று அம்மா அப்பாவைச் சோறு போடாமல் காத்திருக்க வைத்ததாகப் பிறகு தெரிந்தது.

ஒரு நாள் தையல் வகுப்பில் இருந்தோம். பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்றார், கையில் கொழும்பிலிருந்து வந்த கடுதாசி. சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எனவே அவருக்கு ஏதோ செய்கிறது என்று பயந்து எழுந்துவிட்டோம். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். மற்றதெல்லாம் எந்தத் தேதி, எத்தனை சேலை என்ற விவரம். எனக்கான வரி ஒன்றுதான். அந்தக் கங்காணியின் ஆளை அனுப்பி வையுங்கள் என்று இருந்தது.

நான் ஊசியைக் கையில் பிடித்தபடியே மேசைமேல் ஏறிவிட்டேன் என்று சொல்வார்கள். எனக்கு நினைவில்லை. கடைத்தெருவுக்கு ஓடியதும், நானா தராசைக் கீழே வைத்துவிட்டுக் கடையிலிருந்த எல்லோருக்கும் சீனி மிட்டாய் அள்ளிக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. மனு எழுதுபவர்கூட வாங்கிக்கொண்டார். கிடைக்கும் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே சொன்னாராம்.

சனிக்கிழமை தோட்டத்துக்கு ஓடினேன். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே ரோட்டில் நின்று கத்தினேன்.

"கெடச்சிருச்சும்மா."

அம்மா நிமிர்ந்தாள். "முழுப்பேரா?"

"முழுப்பேரு."

மலை முழுக்க இருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் குலவையிட்டார்கள். கணக்கப்பிள்ளை ஓடிவந்து எல்லோருக்கும் அரைப்பேர் போட்டுவிடுவேன் என்று மிரட்டினார். அம்மாவுக்கு அன்று அரைப்பேர் விழுந்தது. வாழ்நாளில் அந்த ஒரு அரைப்பேருக்கு மட்டும் அவள் சண்டை போடவில்லை.

கொழும்புக்குப் புறப்படும் நாளில் அப்பா மட்டும் பண்டாரவளை வரை வந்தார். அதே கோட்டு, தலைப்பாகை, குடை. எனக்கு ஒரு தகரப் பெட்டி. முதலியார் மகளும் அதே ரயிலில்தான். இலவச இடம் எனக்குப் போனதால் அவள் காசு கட்டிப் படிக்க வந்தாள், பெரிய வகுப்புப் பெட்டியில் இருந்து கையசைத்தாள். பிற்பாடு எனக்கு உயிர்ச் சிநேகிதி ஆனாள். கருவாட்டுக் கதையைக் கல்லூரி முழுக்கப் பரப்பியதும் அவள்தான்.

மேடையில் வேறொரு தோட்டத்துத் துரை நின்றிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டத்துக்கு யாருக்கும் தெரியாமல் கூட்டிக்கொண்டு போகிற கங்காணிகள் உண்டு. அதனால் மூட்டை முடிச்சோடு ஆள் நின்றால் எந்தத் துரைக்கும் கண் உறுத்தும். அவர் நேராக அப்பாவிடம் வந்தார்.

"கங்காணி, நீ எந்தத் தோட்டம்? இந்த ஆள் எங்கே கூட்டிப் போற?"

அப்பா சலாம் போட்டார். "நம்ம" என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த வாடிவீட்டில் செய்தது மாதிரியே ஒரு எட்டு விலகி நின்றார்.

"நீயே சொல்லு" என்றார்.

நான் துரைக்கு இங்கிலீஷில் சொன்னேன். "இவர் என் அப்பா, ஐயா. நமுனுகுலப் பக்கம் தோட்டத்தில் கங்காணி. நல்ல மனுஷர். மழைக்கு ஒதுங்கமாட்டார், அட்டைக்கு அஞ்சமாட்டார். தன் ஆட்களுக்காக எந்த வெள்ளைக்காரர் முன்னாலும் போய் நிற்பார். யாரையும் எங்கேயும் கடத்திக்கொண்டு போகவில்லை, என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வந்திருக்கிறார். இந்த மலையில் இரண்டு பக்கத்திலும் இவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இவருக்கு நான் பொறுப்பு."

துரை வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். என்னைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, தொப்பியில் விரலை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். ரயில் ஊதியது. நான் ஏறிக்கொண்டேன். அப்பா ஜன்னலடியில் வந்து நின்றார்.

"தொரகிட்ட என்னா சொன்ன?"

"நீங்க என் அப்பான்னு சொன்னேன்."

"அதுக்கா அம்மாந் நேரம் பேசுன?"

ரயில் நகர்ந்தது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, ஒரு சொல் விடாமல் அவருக்குத் தமிழில் சொன்னேன். சத்தத்தில் எவ்வளவு கேட்டதோ தெரியாது. மேடை முடியும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். நின்று தலையாட்டினார். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம்.